கழுவாத கால்

பூசை மேலுடையைக் கழற்றி வைத்துவிட்டு இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு வால்டர் சாமி முதல் நாற்காலிக்கு முன்னால் முழங்கால் போட்டதுமே, பெர்க்மான்ஸ் தன் இடது காலை மெல்ல நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான். வலது கால் மட்டும் வெளியே இருந்தது, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உட்காரவைத்த பிள்ளை மாதிரி, பளிச்சென்று. பீடத்துக்கு முன்னால் போட்டிருந்த பன்னிரண்டு நாற்காலிகளிலும் இதே கதைதான். சவேரியார்முனைக் கோயிலில் பெரிய வியாழனுக்கு, ஆண்டவர் சீடர்களின் காலைக் கழுவிய நினைவாக, சீடராக உட்காருகிறவர்களின் வலது காலைத்தான் கழுவுவார்கள். எந்தக் காலத்துச் சாமி ஆரம்பித்து வைத்தாரோ, அது அப்படியே நின்றுவிட்டது. அதனால் சீடராக உட்காரப் பெயர் வந்தவன் எவனும் முந்தின நாளே வலது காலை வெந்நீரில் ஊறவைத்து, தேங்காய் நார் போட்டுத் தேய்த்து, நகம் வெட்டி, எண்ணெய் தடவி, கழுவுவதற்கு ஒன்றுமே மிச்சம் வைக்காமல்தான் கழுவக் கொண்டுவருவான். இடது காலை எவன் பார்க்கப்போகிறான்? ஆக, பன்னிரண்டு வெள்ளை வேட்டிகளுக்குக் கீழே ஆளுக்கு ஒரு கால் வெள்ளை, ஒரு கால் கறுப்பு. வேறு வருஷமாக இருந்தால் இதைப் பார்த்துப் பார்த்தே பெர்க்மான்ஸுக்குச் சிரிப்பை அடக்க முடிந்திருக்காது. இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் உட்கார்ந்திருந்தது கடைசிக்கு முந்தின நாற்காலி. சாமி அங்கிருந்து இங்கே வந்து சேர்வதற்குள் ஒன்று செய்தாக வேண்டும். அல்லது ஒன்றுமே செய்யாமல் இருந்துவிட வேண்டும். ஒன்றுமே செய்யாமல் இருப்பது எவ்வளவு சுலபம் என்பதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

கடைசி நாற்காலியில் கஸ்பார் அண்ணன். அது ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த யூதாஸின் நாற்காலி என்று ஊரில் பேச்சு, அதனால் யாரும் அதில் உட்கார மாட்டார்கள். சீட்டுப் போட்டுத்தான் ஆளைப் பிடிப்பது. கஸ்பார் அண்ணனுக்கு விழுந்ததும் பாதிப் பேர் கைதட்டினார்கள். வலை பின்னுகிறவர், வாய் சும்மா இருக்காது. இப்போதும் பாட்டுச் சத்தத்தின் மறைவில் பெர்க்மான்ஸ் பக்கம் சாய்ந்து, "என்ன வேய், காலு நடுங்குது? சாமி கழுவத்தான் போறாரு, வெட்டப் போகல," என்றார். "ஃபேன் காத்து," என்றான் பெர்க்மான்ஸ். "ஃபேனு அந்தக் கடைசில ஓடுது," என்றார் அண்ணன். அப்புறம் தானாகவே, "எனக்கு இந்த நாற்காலிதான் விழுந்துட்டுன்னு வீட்ல அழுகா. நான் சொன்னேன், ஏட்டி, அன்னைக்கு யூதாஸு காலையும் சேத்துத்தான கழுவினாரு ஆண்டவரு, அவனத் தாண்டியா போனாரு?" என்று சொல்லிவிட்டு, தன்னுடைய பேச்சில் தானே திருப்திப்பட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். பெர்க்மான்ஸுக்கு அது விளையாட்டாக இறங்கவில்லை. எல்லாம் தெரிந்துதானே ஆண்டவர் கழுவினார். அந்தக் கால் இன்னும் கொஞ்ச நேரத்தில் எழுந்து எங்கே போகும் என்று தெரிந்துதானே அதைக் கையில் எடுத்தார். நீட்டிக்கொண்டிருந்த அந்த ஆளுக்கு எப்படி இருந்திருக்கும், தண்ணீர் குளிர்ச்சியாகத்தான் இருந்திருக்குமா, இழுத்துக்கொள்ளலாம் என்று ஒரு நிமிஷமாவது தோன்றியிருக்குமா? முதல் நாற்காலிக்காரரின் கால் முடிந்துவிட்டது. சாமி குனிந்து உதட்டை வைத்து அதை முத்தி செய்தார். கோயில்பிள்ளை அந்திரேயா செம்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வெண்கலத் தாம்பாளத்தை அடுத்த காலுக்குக் கீழே நகர்த்தினார். அது தரையில் உரசுகிற சத்தம் பெர்க்மான்ஸின் பல்லில் கூசியது.

பெண்கள் பக்கம் பார்க்கக் கூடாது என்று வந்ததிலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தான், அதனாலேயே பார்த்தான். மூன்றாவது தூணை ஒட்டி அவன் பெண்டாட்டி சலேத் உட்கார்ந்திருந்தாள். மற்றப் பெண்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்க, இவள் மட்டும் ஒரு காலை நீட்டி, அதன்மேல் சேலையை இழுத்து மூடியிருந்தாள். மூடினாலும் துணிக்கட்டு துருத்திக்கொண்டு தெரிந்தது. கேட்டவர்களுக்கெல்லாம், "கஞ்சி வடிக்கையில கொட்டிட்டு," என்று ஒரே பதில். பக்கத்து வீட்டில் அப்படித்தான் சொன்னாள், ஆஸ்பத்திரியில் அப்படித்தான் சொன்னாள், நாகர்கோவிலில் படிக்கிற மகள் போனில் கேட்டபோதும் அப்படித்தான் சொன்னாள். அவன் முன்னால் வைத்தே சொன்னாள். சொல்லும்போது அவனைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவனுக்கு இருந்தது. கஞ்சியும் இல்லை, வடிக்கவும் இல்லை. போன வெள்ளிக்கிழமை மத்தியானம், சாளை மீன் குழம்பு, அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கி அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள், கொதி அடங்கவில்லை. உப்பு கூடுதல் என்று அவன் ஆரம்பித்தான். உப்பு ஒன்றும் கூடுதல் இல்லை. தவக்காலம் தொடங்கிய விபூதிப் புதனிலிருந்து அவன் குடியை விட்டிருந்தான், அதுதான் விஷயம். ஊரே மெச்சிக்கொண்டது, பங்குப் பேரவையில் அவன் பெயரைச் சொல்லிச் சீடராகப் போட்டார்கள், இவனும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தான். வாய் சுத்தமாகிவிட்டது, அதற்குப் பின்னால் இருந்ததெல்லாம் மூடியில்லாமல் நின்றது. காலையில் எழுந்தால் எரிச்சல், கதவு சத்தம் போட்டால் எரிச்சல், அவள் செபமாலை சொல்கிற குரல்கூட எரிச்சல். உப்பு என்றதும் அவள் கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னாள்: "இத்தன நாளு குடிக்காம இருந்து என்னத்தக் கண்டோம்? குடிச்சிட்டு வந்தாலாவது ஒரு வார்த்த சிரிச்சிப் பேசுவீய." அவ்வளவுதான். எழுந்தான், கால் போனது. தட்டு போய்ச் சட்டியில் இடித்தது, சட்டி அவள் பக்கம் கவிழ்ந்தது. அவள் கத்தக்கூட இல்லை, "யேசுவே" என்று மூச்சு மட்டும் விட்டாள். குடித்த காலத்தில் அவன் அவள்மேல் ஒரு விரல் வைத்ததில்லை. குடித்திருந்தால் குடியின் தலையில் போட்டிருக்கலாம். இது முழுக்க அவனுடையது, தண்ணீர் கலக்காதது. தட்டைத்தானே உதைத்தேன் என்று அன்றைக்கு முழுக்க மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தான். தட்டைத்தானே. தட்டைத்தானே.

தட்டைத்தானே என்பதை வைத்துக்கொண்டே செவ்வாய்க்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்கும் போனான். பாஸ்காப் பெருநாளுக்கு முன்னால் ஊரே வரிசையில் நின்றது. பலகைக்கு அந்தப் பக்கம் வால்டர் சாமி களைத்துப்போய் உட்கார்ந்திருந்தார், பாவம், காலையிலிருந்து ஊர் அழுக்கெல்லாம் அவர் காதில்தான் போய்க்கொண்டிருந்தது. போகிற வழியில் அவன் ஒத்திகை பார்த்த வாக்கியம் வேறு. முழங்காலில் நின்றதும் வாயில் வந்தது, "கோபப்பட்டேன் சாமி." அது பொய் இல்லை. அது எல்லாருக்கும் பொருந்துகிற சட்டை, கடையில் தொங்குகிறது, எவன் எடுத்துப் போட்டாலும் சரியாக இருக்கும். கோபப்பட்டேன், பொய் சொன்னேன், ஒரு ஞாயிறு பூசை தவறவிட்டேன். "யார்கிட்ட கோபப்பட்டீங்க?" என்று சாமி கேட்டார். "வீட்ல," என்றான். "பேசிச் சரி பண்ணிக்கிட்டீங்களா?" என்றார். "ம்," என்றான். அந்த ஒரு எழுத்து. சாமி பாவமன்னிப்பு சொன்னார், பத்து அருள்நிறை மந்திரம் அபராதம் கொடுத்தார், இவன் தூணோரம் போய் அவசரமாகச் சொல்லி முடித்தான். வெளியே வந்தபோது காற்று நன்றாகத்தான் அடித்தது. லேசாக இருக்க வேண்டுமே என்று நடந்து பார்த்தான், கைவீசிப் பார்த்தான். குளித்துவிட்டு அதே அழுக்குச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. ஆண்டவருக்குத் தெரியாதா, சொன்னால்தானா என்று கேட்டுக்கொண்டான். அவருக்குத் தெரியும் என்பதுதானே இப்போது தொந்தரவு. அவருக்குத் தெரியாமல் இருந்தால் இந்த நாற்காலியில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கலாமே. பாட்டு அடுத்த சரணத்துக்குப் போனது. சாமி நடு நாற்காலியைத் தாண்டிவிட்டார். வியர்வையில் அங்கி அவர் முதுகோடு ஒட்டியிருந்தது.

நேற்றுச் சாயங்காலம் அவன் காலைச் சலேத்தான் தேய்த்தாள். வேண்டாம் என்று அவன் சொல்லியிருக்கலாம். கட்டுப்போட்ட காலை ஒரு பக்கம் நீட்டிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்து, அவன் வலது காலை வாளி வெந்நீரில் வைத்து, எலுமிச்சைத் தோலால் ஒவ்வொரு விரல் இடுக்கையும் தேய்த்தாள். "ஊரு முழுக்கப் பாக்கும். அழுக்கா இருந்தா என்னயத்தான் பேசுவாவ," என்றாள். குதிகால் வெடிப்பில் படகுத் தார் கறுத்துப்போய் இருந்தது, அதை நாரால் சுரண்டிச் சுரண்டி எடுத்தாள். கை அலுத்ததும் மாற்றிக்கொண்டாள். சூடான தண்ணீரில் கால் இதமாக இருந்தது, அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. அவள் காலில் சூடு பட்ட இடம் எரிந்துகொண்டிருக்க, தன் காலுக்குச் சூடு இதமாக இருப்பது. "இடதையும் கொஞ்சம்..." என்று வாய் தவறி வந்துவிட்டது. அவள் கை நின்றது. "அதக் கழுவ மாட்டாவல்லா," என்றாள். அந்தக் கால் பக்கத்திலேயே தரையில் இருந்தது, துண்டை எடுக்க அவள் அதைத் தாண்டித்தான் கையை நீட்ட வேண்டியிருந்தது, சுற்றிக்கொண்டு போய் எடுத்தாள். நாய் படுத்திருக்கிற இடத்தைச் சுற்றிக்கொண்டு போவது போல. வெள்ளிக்கிழமையிலிருந்து புண்ணையும் அவள் அவனுக்குக் காட்டவில்லை. கட்டு மாற்றும்போது சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வாள். நான் மாத்தட்டுமா என்று ஒருநாள் கேட்டான். "நானே பாத்துக்கிடுதேன்." சண்டை இல்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை, சோறு போட்டாள், படுக்கை விரித்தாள், மகளோடு சிரித்துப் பேசினாள். அந்தக் கட்டுக்குள் மட்டும் அவனுக்கு இடமில்லை. அங்கே எப்படி இருக்கிறது, கொப்புளமா, தோல் உரிந்துவிட்டதா, தழும்பு நிற்குமா, ஒன்றும் தெரியாது. கட்டின பெண்டாட்டியின் கால் அவனுக்கு அயலூராகிவிட்டது.

இடது கால்தான் அவனுடைய கால். சவேரியார்முனைக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள், பெர்க்மான்ஸ் என்றாலே இடங்கால் என்று. வலது கால் ஓடுவதற்கும் நிற்பதற்கும், இடது கால் பந்துக்கு. கடற்கரையில் டப்பாக்களை வரிசையாக வைத்து, எது வேண்டும் என்று பையன்கள் கேட்பார்கள். சொன்ன டப்பாதான் விழும், பக்கத்து டப்பா ஆடாது. கோயில் திருவிழாப் பந்தயத்தில் பக்கத்து ஊர்ப் பெண்கள் கூட்டமாக வந்து கோட்டோரம் நின்றபோது, மஞ்சள் தாவணி போட்ட ஒருத்தியின் காலடியில் போய்ப் பந்து விழுந்தது. எடுக்க ஓடியவன் மூச்சு வாங்கிக்கொண்டே, "தெரியாம வந்துட்டு," என்றான். அவள் பந்தைக் குனிந்து பார்த்தாள், அவனை நிமிர்ந்து பார்த்தாள். "தெரியாம வந்த மாதிரி இல்லையே," என்றாள். அதுதான் சலேத். அதற்கப்புறம் அவன் ஆடின ஒரு ஆட்டத்தையும் அவள் விட்டதில்லை. மைதானத்தில் அவள் நிற்கிற இடத்தைக் காலாலேயே தெரிந்துகொள்வான். எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம் என்று நினைத்தபோது கண் கரித்தது, அந்த நினைப்பிலேயே இன்னும் கொஞ்சம் இருந்துவிடலாம் என்று பார்த்தான், முடியவில்லை, அது நேராகக் கொண்டுபோய் அடுக்களையில் விட்டது. சட்டி கவிழ்ந்து அவள் சுருண்டதும் இவன் வாயிலிருந்து வந்த வார்த்தை: "தெரியாம பட்டுட்டு." பிறந்ததிலிருந்து இந்தக் கால் எதையாவது தெரியாமல் தொட்டதுண்டா? எழுந்தபோது சட்டி கண்ணில் பட்டது. ஆவி பறந்தது. அதற்குப் பின்னால் அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். தட்டைச் சட்டியில் இடிக்க வேண்டும் என்று யோசித்தானா? யோசிக்கவில்லை. பந்தை உதைக்கும்போதும்தான் அவன் யோசித்ததில்லை. பார்த்தான், அது போனது. தட்டைத்தானே என்ற வார்த்தையைக் கடைசியாக ஒருமுறை சொல்லிப் பார்த்தான். அது நிற்கவில்லை, நொண்டியது. தட்டை இல்லை. ஐயோ, தட்டை இல்லை.

தாம்பாளம் உரசிக்கொண்டு வந்து அவன் வலது காலுக்குக் கீழே நின்றது. சாமி முழங்காலை நகர்த்திக்கொண்டு வந்து எதிரே அமர்ந்தார். கிட்டத்தில் பார்த்தபோது சின்ன வயசுதான், நெற்றியில் வியர்வை. தாம்பாளத்தில் இருந்த தண்ணீரைப் பெர்க்மான்ஸ் பார்த்தான். இத்தனை காலைக் கழுவியும் அது குடிக்கலாம் போல் தெளிவாக இருந்தது. எழுந்து போய்விடலாமா? ஊர் பார்க்கும். வலதை நீட்டிவிடலாமா? நீட்டினால் சாமி கழுவுவார், முத்தி செய்வார், அவள் தேய்த்த காலை. அவளுடைய உழைப்பை. அதைத் தன் சுத்தம் என்று வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவான், நாளைக்கும் அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக் கட்டு மாற்றுவாள், ஒருநாள் புண் ஆறிவிடும், அப்புறம் அதைப் பற்றிப் பேசவே முடியாது. அந்த நினைப்பு வந்ததும்தான் உண்மையாகவே பயந்தான். வலது காலைப் பின்னால் இழுத்தான். நாற்காலிக்கு அடியிலிருந்து இடதை எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தான். தார், மணல், வெடிப்பு, உடைந்த நகம், எல்லாம். "வலது, வலது," என்று கோயில்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். கஸ்பார் அண்ணன் குனிந்து பார்த்தார். சாமி தலையை நிமிர்த்தினார். "இதுதான் சாமி," என்றான் பெர்க்மான்ஸ். சாமி அவன் முகத்தை ஒரு கணம் பார்த்தார், செவ்வாய்க்கிழமை கேட்ட குரலை அடையாளம் கண்டாரோ என்னவோ. கையை நீட்டிச் செம்பை வாங்கி அவரே ஊற்றினார். கொஞ்சம் போதாது என்று பட்டதோ, இன்னும் ஊற்றினார், கையால் தேய்த்தார். தாம்பாளத் தண்ணீர் கலங்கிக் கறுத்தது. துண்டும் கறையானது. பிறகு குனிந்தார். வேண்டாம் சாமி என்று சொல்ல வாயெடுத்தான், அதற்குள் உதடு பட்டுவிட்டது, எந்த இடத்தில் தட்டின் விளிம்பு பட்டதோ கிட்டத்தட்ட அதே இடத்தில். பெர்க்மான்ஸ் அழுதான், மறைக்கவில்லை. தூண் பக்கம் பார்த்தபோது சலேத் இமைக்காமல் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கோயிலில் அது என்ன கால் என்று தெரிந்த ஒரே மனுஷி. அவள் முகத்திலிருந்து அவனால் ஒன்றும் எடுக்க முடியவில்லை.

நன்மை என்கிற நற்கருணை அப்பத்தை வாங்க எல்லாரும் எழுந்தபோது அவன் எழுந்திருக்கவில்லை. சீடராக உட்கார்ந்தவன் பெரிய வியாழனன்று நன்மை வாங்காமல் இருந்தது ஊரில் யாரும் கண்டதில்லை. "என்ன வேய், வரல?" என்று கஸ்பார் அண்ணன் தோளைத் தட்டினார். "ஒரு சோலி பாக்கி இருக்கு அண்ணே," என்றான். அண்ணன் வரிசையில் போய்ச் சேர்ந்துகொண்டார். பூசை முடிந்து, நற்கருணையைப் பவனியாகக் கொண்டுபோய் வைத்து, பீடத்தின் துணியெல்லாம் உருவிய பிறகு, பக்கவாட்டு வாசலில் செருப்புகளுக்கு நடுவே சலேத்தைக் கண்டான். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றாள், கட்டுப்போட்ட காலில் செருப்பு ஏறவில்லை. சுற்றி ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அவன் அவள் முன்னால் போய் நின்றான்.

"தெரியாமப் படல, சலேத்," என்றான். "சட்டியப் பாத்தேன். பாத்துத்தான் ஒதச்சேன்."

அவள் அவனைப் பார்க்கவில்லை. செருப்பின் வாரைத் தளர்த்திக்கொண்டே இருந்தாள். தளர்த்துவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

"எனக்குத் தெரியும்," என்றாள். "நீங்க ஒதச்சது எங்க போகும்னு எனக்குத் தெரியாதா?"

அவன் தலை குனிந்து நின்றான். மன்னிச்சிரு என்று சொன்னான், அது மிகச் சின்ன வார்த்தையாகக் கேட்டது. இதை எல்லாம் தெரிந்துகொண்டுதான் நேற்று அவள் அந்த வெந்நீரில் கையை விட்டாள். கஞ்சி வடித்தேன் என்று ஊருக்குச் சொன்னாள். அவன் வந்து சொல்வானா என்று ஆறு நாளாக ஒரு காலை இழுத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"அந்தக் காலு தேய்க்காம கெடந்துது. சனம் பூரா பாத்திருக்கும்," என்றாள் சலேத், கோபம் மாதிரிதான் இருந்தது. கண்ணை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். பிறகு சுவரை விட்டுவிட்டு அவன் தோளைப் பிடித்தாள்.

"கட்டு மாத்தணும்," என்றாள். "துணி புண்ணுல ஒட்டிக்கிட்டு இருக்கு. இன்னைக்கு நீங்க பாத்து எடுங்க, பைய, வலிக்காம எடுக்கணும்."

அவளுடைய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அவள் நடைக்குத் தக்கபடி பெர்க்மான்ஸ் நடந்தான்.